சொல்லத் தெரியாவிட்டால் சிந்திக்கத் தெரியவில்லை என்று பொருளா?

பதினொரு வயது மகன் மனத்தில் இருப்பதைச் சொல்லத் திணறுகிறான், வற்புறுத்திக் கேட்டால் "படமாகத் தெரிகிறது, சொல்லத்தான் வரவில்லை" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "தெளிவாகச் சொல்ல வரவில்லை என்றால் தெளிவாகச் சிந்திக்கவில்லை என்றுதான் பொருள்" என்று அவனுடைய ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டதாகவும், அதுமுதல் உங்களுக்கு நிம்மதி இல்லை என்றும் சொல்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மொழியின் துணையின்றிச் சிந்தனை நடக்குமா? ஒருவருடைய பேச்சையும் சொல்வளத்தையும் வைத்து அவருடைய அறிவை எடைபோடலாமா? முதல் கேள்விக்கு இன்றைய உளவியல் தயக்கமில்லாமல் "நடக்கும்" என்று சொல்லும். இரண்டாவது சற்றுச் சிக்கலானது. சொல்வளத்துக்கும் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் முடிவெடுப்பதில்தான் கோளாறு. உளவியல் கற்பிக்கும் நான் அந்த ஆசிரியரின் வாசகத்தைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். அது தவறு, ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையைப் பல ஆண்டுகளுக்கு முடக்கிவிடக்கூடிய தவறு. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மிக வலுவான சான்று மொழியை இழந்தவர்களிடமிருந்து கிடைக்கிறது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் லெபோர்ஞ் என்ற நோயாளி வந்து சேர்ந்தார். பல ஆண்டுகளாக "டான்" என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் அவருக்குப் பேச வரவில்லை. பிறர் சொல்வது அவருக்குப் புரிந்தது. கையசைவால் பதில் சொன்னார். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்க முன்மடலில் பெரிய சேதம் இருந்தது. மொழிக்கு மூளையில் தனி இடம் உண்டு என்ற ஆராய்ச்சி அங்கிருந்துதான் சூடு பிடித்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு இது முழு விடையாகாது. லெபோர்ஞுக்கு வாயில் வராத சொற்கள் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம்.

அந்த ஐயத்தைத் தீர்க்க, இலக்கணமே போய்விட்டவர்களைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் ரோஸ்மேரி வார்லியும் அவருடைய குழுவினரும் அதைத்தான் செய்தார்கள். அஃபேசியா என்று மருத்துவர்கள் சொல்லும் மொழியிழப்பு மிகக் கடுமையாக இருந்த மூன்று ஆண்களை அவர்கள் சோதித்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. சிங்கம் மனிதனைக் கொன்றதா, மனிதன் சிங்கத்தைக் கொன்றானா என்று ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பிரித்தறிய அவர்களால் முடியவில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் காட்டுவது சொற்களின் வரிசை மட்டுமே. அந்த வரிசையின் பொருள் அவர்களுக்கு எட்டவில்லை. ஆனால் அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து 59-இலிருந்து 13-ஐக் கழிக்கும் கணக்கை எழுதிக் காட்டினால் சரியாகச் செய்தார்கள். 13-இலிருந்து 59-ஐக் கழிக்கச் சொன்னால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் செய்ய வேண்டிய கணக்குகளையும் போட்டார்கள். எது எதற்கு முன்னால் வருகிறது என்பதை வாக்கியத்தில் பிடிக்க முடியாத அதே மனிதர்கள், எண்களில் அதைப் பிசகாமல் பிடித்தார்கள்.

இந்த ஒரு முடிவை நான் மாணவர்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்வதுண்டு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அமைப்பு, முன்பின் வரிசை, விதியைப் பின்பற்றுதல் ஆகியவை எல்லாம் மொழி நமக்குக் கொடுத்த வரம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. மொழி போன பிறகும் அவை எஞ்சியிருந்தன.

மூளை ஸ்கேன் ஆராய்ச்சியும் அதே பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எவலினா ஃபெடரென்கோ பல ஆண்டுகளாக ஒரே கேள்வியை விடாமல் துரத்திவருகிறார். முதலில் ஒருவருடைய மூளையில் வாக்கியங்களைப் படிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளை அடையாளம் காண்பார். பிறகு அதே ஆளுக்குக் கணக்கு, இசை, நினைவில் இருத்தும் பயிற்சி என்று பலவற்றைக் கொடுத்து, அந்தப் பகுதிகள் விழிக்கின்றனவா என்று பார்ப்பார். பெரும்பாலும் அவை அசைவதே இல்லை. கடினமான வேலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு பகுதிகள்தான் உழைக்கின்றன. மொழி முதன்மையாகச் சிந்தனையின் கருவியாக இல்லை, சிந்தனையைப் பிறருக்குச் சேர்க்கும் கருவியாக இருக்கிறது என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 2024-இல் வெளிப்படையாகவே வாதிட்டார்கள். இந்த வாதத்தின் பிற்பாதியோடு எனக்குச் சிறிய பிணக்கு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"அந்த நோயாளிகள் ஒரு காலத்தில் மொழி கற்றவர்கள்தானே, மொழி கட்டிக்கொடுத்த வீட்டில்தானே இன்னும் குடியிருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொழியே வராத உயிர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் டெனரீஃப் தீவில் வுல்ஃப்காங் கோலர் சிம்பன்ஸிகளை ஆராய்ந்தார். அவற்றில் சுல்தான் என்ற குரங்கு, எட்டாத பழத்தை எடுக்க ஒரு மூங்கில் குச்சியின் துளைக்குள் இன்னொன்றைச் செருகி நீளமாக்கிக்கொண்டது. 1992-இல் கேரன் வின் வெளியிட்ட சோதனையில், ஐந்து மாதக் குழந்தைகள் திரைக்குப் பின்னால் ஒரு பொம்மையும் அதன்பின் இன்னொரு பொம்மையும் போவதைப் பார்த்தார்கள். திரையை விலக்கியபோது ஒன்றே ஒன்று இருந்தால், இரண்டு இருந்தபோது பார்த்ததைவிட நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு சொல்கூடப் பேசத் தொடங்காத வயது அது.

நன்றாகப் பேசுகிற, நன்றாகப் படித்த பெரியவர்களிடமிருந்தும் ஒரு சான்று உண்டு. என் கணிப்பில் இதுதான் மிகவும் அழகானது. நீங்களே செய்து பார்க்கலாம். மேசைமேல் நான்கு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்கள் கண்ணுக்குத் தெரிவது: அ, க, 4, 7. "ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலோர் "அ" என்பார்கள், அல்லது "அ"வும் 4-ம் என்பார்கள். சரியான விடை "அ"வும் 7-ம். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. மற்ற எழுத்துகளுக்கு இரட்டைப்படை எண் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் விதி உடையும். பீட்டர் வேசன் 1966-இல் எழுதிய இந்தப் புதிரைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்தால் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வது அரிது.

இப்போது அதே வாக்கியத்தை வேறு பொருளில் பாருங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் 1982-இல் இப்படிக் கேட்டார்கள்: "ஒருவர் பியர் குடித்தால் அவருக்கு 19 வயது கடந்திருக்க வேண்டும்." அட்டைகளில் தெரிவது: பியர், கோக், 22, 16. நீங்கள் காவலர், யாரைச் சோதிப்பீர்கள்? பியர் குடிப்பவரையும் பதினாறு வயதினரையும் என்று நால்வரில் ஏறக்குறைய மூவர் உடனே சொல்லிவிட்டார்கள். இரண்டு புதிர்களிலும் "இருந்தால்... இருக்க வேண்டும்" என்ற வாக்கிய எலும்புக்கூடு ஒன்றேதான். சிந்தனை என்பது வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் என்றால் இரண்டும் ஒரே அளவு கடினமாக இருந்திருக்க வேண்டும். வாக்கியத்துக்கு அடியில், உலகத்தைப் பற்றிய அறிவும் பழக்கமும் சேர்ந்த வேறொன்று வேலை செய்கிறது. உங்கள் மகன் படமாகத் தெரிகிறது என்று சொல்வதும் அந்த இடத்தைத்தான் சுட்டுகிறது.

அவனுடைய அந்தச் சொல்லை அலட்சியப்படுத்த வேண்டாம். தலைக்குள் எப்போதும் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரஸல் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து ஒரு எளிய முறையைக் கையாண்டுவருகிறார். ஒரு சிறு கருவி நாளின் எதிர்பாராத நேரங்களில் ஒலி எழுப்பும்; அந்தக் கணத்துக்குச் சற்று முன் மனத்தில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு உள்பேச்சு இடைவிடாமல் ஓடுகிறது, சிலருக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. சிலருக்குக் காட்சிகள். இன்னும் சிலருக்குச் சொல்லோ படமோ இல்லாமல் "இது இப்படி" என்ற தெளிவு மட்டும் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் இயல்பாக வாழ்பவர்கள், வேலை பார்ப்பவர்கள். உள்குரல் குறைவாக இருப்பதாகச் சொல்பவர்களைப் பற்றி நெடர்கார்ட், லூப்யான் என்ற ஆய்வாளர்கள் 2024-இல் எழுதினார்கள். சொற்பட்டியலை நினைவில் வைப்பதிலும் இரு சொற்கள் ஒத்து ஒலிக்கின்றனவா என்று பார்ப்பதிலும் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது போன்றவற்றில் பின்தங்கவில்லை. நான் படமாகச் சிந்திக்கிறேன் என்று ஒருவர் சொல்வதை அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதும் உண்மை. ஹர்ல்பர்ட்டின் கருவியைச் சுமந்த பலர், தங்கள் மனத்தைப் பற்றித் தாங்களே நினைத்திருந்தது பொய்த்துப்போனதைக் கண்டார்கள்.

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் மொழி வெறும் தபால்காரன்தானா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபெடரென்கோவோடு எனக்குள்ள பிணக்கு இங்கேதான். சிந்தனை மொழியால் ஆனதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் சில இடங்களில் மொழி இல்லாமல் சிந்தனைக்குப் பிடி கிடைப்பதில்லை.

பிரேஸிலின் அமேசான் காட்டில் வாழும் பிரஹா மக்களின் மொழியில் சரியான எண்ணிக்கையைக் குறிக்கும் சொற்கள் இல்லை. மைக்கேல் ஃபிராங்க் தலைமையிலான குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்கண்டுகளை வரிசையாக வைத்து, அதே எண்ணிக்கையில் பலூன்களை வைக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மிகச் சரியாக வைத்தார்கள். வரிசையை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வைக்கச் சொன்னபோது எண்ணிக்கை கூடக்கூடப் பிழையும் கூடியது. "எட்டு வேறு, ஒன்பது வேறு" என்பது அவர்களுக்குப் புரிந்தே இருந்தது. அந்த எட்டை ஒரு கணம் கழித்தும் எட்டாகவே வைத்திருக்கத்தான் கருவி இல்லை. பின்னர் அதே ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசுவோரின் வாயையும் மனத்தையும் வேறு சொற்களால் நிரப்பி, உள்ளுக்குள் எண்ண முடியாமல் செய்து, அதே சோதனைகளைக் கொடுத்தார்கள். அவர்களும் பிரஹா மக்களைப் போலவே தடுமாறினார்கள்! இது 2012-இல் வந்த முடிவு. காட்டுவாசிகளுக்கு அறிவு குறைவு என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறில்லை. எண்ணுச் சொல் என்பது எண்ணிக்கையைச் சிந்தாமல் ஏந்திச் செல்லும் பாத்திரம். அது இருப்பவரிடமிருந்து ஒரு நிமிடம் பிடுங்கினாலும் சிந்திவிடும்.

இன்னோர் இடம், பிறர் மனம். நிகராகுவாவில் 1970-களின் இறுதிவரை காது கேளாத குழந்தைகள் தத்தம் வீட்டோடு தனித்தனியாகவே வளர்ந்தார்கள். மனாகுவா நகரில் அவர்களுக்கான பள்ளி பெரிதானபோது, ஒன்று கூடிய பிள்ளைகள் தங்களுக்குள் புதிதாக ஒரு சைகை மொழியையே உருவாக்கிக்கொண்டார்கள். முதல் தலைமுறையின் சைகைகளில் "நினைக்கிறான்", "தெரிந்திருக்கிறது" போன்றவை மிகக் குறைவு. அடுத்து வந்த பிள்ளைகளிடம் அவை செழித்தன. ஜெனி பையர்ஸும் ஆன் செங்காஸும் 2009-இல் வெளியிட்டதன்படி, முதல் தலைமுறையினர் வளர்ந்து பெரியவர்களான பிறகும், "அவன் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறான், அதனால் வேறிடத்தில் தேடுவான்" என்பதைக் கணிக்கும் சோதனையில் இளையவர்களைவிடத் தடுமாறினார்கள். இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்ட சில ஆண்டுகளில் முன்னேறினார்கள். வயதோ அனுபவமோ மட்டும் அதைக் கொடுத்துவிடவில்லை. அதே சமயம் வார்லியின் நோயாளிகளைப் போன்ற மொழியிழப்பாளர்கள் இந்த வகைச் சோதனையில் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கற்றுக்கொள்ளும்போது மொழி பெரிதும் கைகொடுக்கிறது. கற்றுமுடித்த பின் அது இல்லாமலும் நடக்கிறது. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1934-இல் இறப்பதற்கு முன்பே இந்தத் திசையில் எழுதியிருந்தார்: குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொள்வது வீண் பேச்சல்ல, பிறரோடு பேசக் கற்ற மொழியை உள்ளே திருப்பித் தன்னை நடத்திக்கொள்ளப் பழகுகிறது என்றார். உங்கள் மகன் வேலை செய்யும்போது முணுமுணுத்தால் அடக்க வேண்டாம்.

மொழி நம் சிந்தனையைச் சிறை வைக்கிறது என்ற பழைய கருத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தக் கருத்து அதன் வலுவான வடிவில் இன்று நிற்கவில்லை. அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் காலமே இல்லை என்று அவர் எழுதியதை எக்கெஹார்ட் மலோட்கி 1983-இல் நூற்றுக்கணக்கான எடுத்துக்காட்டுகளால் மறுத்துவிட்டார். மெல்லிய வடிவில் ஏதோ உண்மை இருக்கிறது. ரஷ்ய மொழியில் இளநீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டும் இரு நிறங்களை ரஷ்யர்கள் சற்று விரைவாகப் பிரித்தறிகிறார்கள். வாயை வேறு சொற்களில் ஈடுபடுத்திவிட்டால் அந்த விரைவு போய்விடுகிறது. அவ்வளவுதான்.

சொல் கெடுக்கும் இடமும் உண்டு என்பது பள்ளிகளில் யாரும் பேசாத செய்தி. ஜோனதன் ஸ்கூலர் 1990-இல் காட்டியது இது: ஒரு குற்றவாளியின் முகத்தைக் காணொளியில் பார்த்தவர்களில் சிலரை அந்த முகத்தைச் சொற்களில் விவரிக்கச் சொன்னார்கள். பிறகு பல முகங்களுக்கிடையே அவரை அடையாளம் காட்டச் சொன்னபோது, விவரித்தவர்கள் விவரிக்காதவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். 2014-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோதும் இந்த விளைவு இருந்தது. முகம், இசை, உடலசைவு போன்றவற்றில் சொல்லத் தெரிவதற்கும் தெரிந்திருப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோசன்பிளிட், கீல் ஆகிய இருவர் 2002-இல் செய்த ஆய்வில், ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்று கேட்டால் மக்கள் நன்றாகத் தெரியும் என்றார்கள். படிப்படியாக எழுதச் சொன்ன பிறகு, தங்கள் அறிவுக்குத் தாங்களே கொடுத்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். காரண காரியம் உள்ள ஒன்றை விளக்க முயலும்போது சொல் நல்ல சோதனைக் கல்லாகிறது. உங்கள் மகனின் ஆசிரியர் சொன்னதில் உள்ள சிறு உண்மை இதுதான். அது ஜிப்புக்குப் பொருந்தும். ஒரு பிள்ளையின் அறிவு முழுவதற்கும் பொருந்தாது.

இனி இரண்டாவது கேள்வி. ஐ.க்யூ. எனப்படும் அறிவுத்திறன் தேர்வுகளின் தொடக்கம் 1905. பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் தேர்வை வகுத்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு பிறப்போடு அறுதியிடப்பட்டது என்ற பேச்சை பினே வெறுத்தார். அவர் 1911-இல் இறந்த பிறகு அந்தத் தேர்வு கடல் கடந்து, அவர் அஞ்சிய வேலைக்கே பயன்பட்டது.

இந்தத் தேர்வுகளில் ஒரு விசித்திரம் உண்டு. "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்கும் பகுதி, மொத்த மதிப்பெண்ணோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகும் பகுதிகளில் ஒன்று. அதனால்தான் சொல்வளமே அறிவு என்ற எண்ணம் நிலைபெற்றது. காரணம் இப்படி இருக்கலாம்: பெரும்பாலான சொற்களை யாரும் நமக்குக் கற்றுத் தருவதில்லை, படிக்கும்போதும் கேட்கும்போதும் சூழலை வைத்து நாமே ஊகிக்கிறோம். ஊகிக்கும் திறன் உள்ளவரிடம் சொற்கள் சேர்கின்றன. ஆனால் அந்தச் சங்கிலியில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. சொற்கள் காதில் விழ வேண்டும். விழுந்த சொல்லை மூளையின் மொழிப் பகுதி தடையில்லாமல் பிடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று பழுதானாலும் சொல்வளம் குறையும், ஊகிக்கும் திறன் அப்படியே இருக்கும். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் இதனால்தான் அறிவுத்திறனை இரண்டாகப் பார்த்தார்: புதிய சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று, வாழ்ந்து படித்துச் சேர்த்த அறிவு மற்றொன்று. முதலாவது இளமையில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். சொல்வளம் போன்ற இரண்டாவது, அறுபதை எட்டும்வரைகூடக் கூடிக்கொண்டே போகும்.

மொழியில் மட்டும் பழுதுள்ள பிள்ளைகள் அபூர்வமும் அல்ல. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்ற நிலை ஏறக்குறைய நூற்றில் ஏழு குழந்தைகளுக்கு இருக்கிறது. காது நன்றாகக் கேட்கும், வடிவப் புதிர்களை வயதுக்கேற்பச் செய்வார்கள், ஆனால் வாக்கியம் அமைப்பதும் சொல்லைத் தேடி எடுப்பதும் கடினமாக இருக்கும். வகுப்பில் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி, கவனமில்லாதவன், மந்தம். திக்குவாய் வேறு, இது வேறு. இரண்டுமே அறிவுக்குறைவின் அடையாளங்கள் அல்ல.

சொல் இல்லாத தேர்வு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட வடிவப் புதிர்கள் பண்பாட்டுக்கு அப்பாற்பட்டவை என்று கருதப்பட்டன. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் உயர்ந்ததை ஜேம்ஸ் ஃபிளின் காட்டியபோது, அப்படிப்பட்ட புதிர்களில்தான் ஏற்றம் மிகுதியாக இருந்தது. பள்ளிப் படிப்பு மனிதர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கேள்வியைப் பழக்கிவிடுகிறது. அலெக்சாந்தர் லூரியா 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறியா உழவர்களிடம் கேட்டார்: "பனி மூடிய வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா அந்த வடக்கில் இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம்?" நாங்கள் அங்கே போனதில்லை, பார்த்தவர்களைக் கேளுங்கள் என்ற பாணியில் பதில் வந்தது. இதைச் சிந்திக்கத் தெரியாதவர்களின் பதில் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பார்க்காததைப் பற்றி உறுதி சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாழ்வு கற்பித்த கறாரான நெறி. வாக்கியத்தை மட்டும் நம்பி விடை சொல்வது பள்ளிக்கூட விளையாட்டு; அதில் கொஞ்சம் படித்தவர்கள் எளிதாகத் தேறினார்கள்.

உங்கள் மகனுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் காதைப் பரிசோதியுங்கள். சிறு அளவிலான செவித்திறன் குறைவு பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். அடுத்து, பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். பதினொரு வயதில் காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அறிவுத்திறன் தேர்வு எடுத்தால் ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டேவிட் வெக்ஸ்லர் 1939-லேயே தன் தேர்வில் சொல் சார்ந்த பகுதியையும் செயல் சார்ந்த பகுதியையும் பிரித்து வைத்தார். இன்றைய தேர்வுகளிலும் அந்தப் பிரிவுகள் தனித்தனி மதிப்பெண்களாக வருகின்றன. அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால் சராசரி எடுத்த எண்ணுக்கு ஏறக்குறைய பொருளே இல்லை. தேர்வாளரிடம் அந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

அவன் படமாகத் தெரிகிறது என்று சொல்லும்போது காகிதத்தைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததைச் சுட்டிக்காட்டி, "இது எங்கிருந்து வருகிறது? இதற்குப் பிறகு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கண்முன் இருக்கும் ஒன்றுக்குச் சொல் தேடுவது, காற்றில் தேடுவதைவிட எளிது. பதிலுக்கு நேரம் கொடுங்கள். நம்மில் பலர் இரண்டு நொடி மௌனத்தைக்கூடப் பொறுக்காமல் நாமே வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். சொற்களைக் கற்றுக்கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிந்தனை மொழியால் ஆனதல்ல என்பதை, மொழி தேவையில்லை என்று எடுத்துக்கொண்டால் பிரஹா மக்களின் மறைந்த வரிசையைப் போல அவனுக்கும் பல விஷயங்கள் கையில் நிற்காமல் நழுவும். குறிப்பாக "ஏனென்றால்", "ஆனாலும்", "அதற்குள்", "ஒருவேளை" போன்ற, பொருள்களுக்கிடையே உறவு காட்டும் சொற்களில் கவனம் வையுங்கள். பெயர்ச்சொற்களை அவன் எப்படியும் சேர்த்துக்கொள்வான்.

கடைசியாக, வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் குழம்புகிறான், ஒன்றை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த அச்சத்துக்கு நூறு வயது ஆகிறது. 1923-இல் வேல்ஸ் நாட்டுக் கிராமப் பிள்ளைகளை ஆராய்ந்த சேர் என்ற ஆய்வாளர், இருமொழி பேசுவோருக்கு மதிப்பெண் குறைவு என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. குடும்ப நிலையும் வாய்ப்பும் அவருடைய கணக்கில் சரியாகச் சேரவில்லை. 1962-இல் மான்ட்ரியலில் பீல், லாம்பெர்ட் இருவரும் ஒத்த குடும்பச் சூழலில் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது இருமொழியாளர்களே முந்தினார்கள். அந்த முந்துதலையும் இன்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை; பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் குறை இருந்தது. இருமொழி ஒருவரைக் கூடுதல் அறிவாளி ஆக்குமா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை, குறைபாடு உள்ள பிள்ளைக்கும் அதை மோசமாக்குவதில்லை என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஆகவே வீட்டில் எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம். சிகிச்சையாளரிடம் போகும்போது இரண்டு மொழிகளிலும் அவனைப் பேசவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் அது அந்த மொழியில் போதிய பழக்கமில்லாததாக இருக்கக்கூடும், இரண்டிலும் இருந்தால் மேற்கொண்டு முழுமையாக ஆராய வேண்டும்.